அலுவலகத் திரையும் எங்கள் கண்களும்



இந்த மாதம் ஒரு சாமானைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கணினியின் மொனிற்றரைப் பற்றி. "அதில எழுதுறதுக்கு என்னக்கா இருக்கு?" என்று என்னோடு வேலை செய்யும் பிள்ளை கேட்டா. ஒரு பெண்ணின் வேலை பறிபோகப் பார்த்தது இந்த மொனிற்றரால்தான். அந்த மொனிற்றரை அங்கே கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். அதனால் எழுதத்தான் வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பெண்கள் சங்கத்துக்குக் கிழமையில் இரண்டு நாட்கள் போய்வருகிறேன். சேமிப்பு, சிறுகடன், கோழி வளர்ப்பு, தையல் என்று உங்களில் பலருக்கும் பழக்கமான சங்கம் போன்றதுதான். அலுவலகம் என்பது மண்டபத்தின் ஒரு மூலையைப் பலகையால் மறித்து எடுத்த அறை. அங்கே கணினியில் பதிவு வேலை செய்யும் தங்கைக்கு 2009 இல் 19 வயது. அந்த வருடம் மாத்தளனில் இருந்தபோது செல் துண்டு பட்டு இடது கண்ணின் பார்வை முற்றாகப் போனது. பிறகு முகாமிலிருந்து வெளியே வந்து, கணினி படித்து, இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். தகப்பன் இல்லை. தாயும், பள்ளிக்கூடம் போகும் ஒரு தம்பி மகனும் அவருடைய சம்பளத்தில் இருக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்றார். மற்றதெல்லாம் எழுதுங்கோ என்று, இந்தப் பக்கத்தை வாசித்துப் பார்த்துத்தான் சம்மதம் தந்தார்.

2024 மாசி மாதம் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கோழிக்கூடு கட்ட உதவி கேட்டு அனுப்பிய பட்டியலில் ஓர் அம்மாவின் அடையாள அட்டை இலக்கம் பிழை, அவருக்குரிய பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தோம். 534 என்று வரவேண்டிய இடத்தில் 334 என்று அடித்திருந்தது. எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிக்கின்றன. பெண்களுக்கு அதனோடு 500 ஐக் கூட்டியிருப்பார்கள். ஆகவே ஐந்து மூன்றானதில், மாசியில் பிறந்த ஒரு பெண் கார்த்திகையில் பிறந்த ஆணாகிப் போனார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு பிள்ளைகளோடு கோழிக்குஞ்சுக்குச் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்த அந்த அம்மாவுக்கு அது சிரிப்பில்லை.

கூட்டம் வைத்தார்கள். "ரெண்டு கண்ணும் தெரியிற பிள்ளையளே வேலை இல்லாமல் நிக்குதுகள்" என்று ஒருவர் சொன்னார். சொன்னவரும் போரில் மகனைக் கொடுத்த தாய்தான், கெட்ட மனம் கொண்டவரல்ல. தங்கை எதுவும் பேசவில்லை. கைவிரலில் பிடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இருந்தார். ஒரு மாதம் தவணை தாருங்கள் என்று நான் கேட்டேன். முணுமுணுப்போடு தந்தார்கள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன்.

"ஸ்கிரீன் வடிவாத் தெரியிறதில்லையோ?"

"காலமை தெரியும் அக்கா. மத்தியானத்துக்குப் பிறகு எழுத்தெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டினமாதிரி. பின்னேரம் தலையிடி. பிடரியும் பிடிச்சிடும்."

"எவ்வளவு நாளா?"

"வந்த நாளிலயிருந்து."

"ஏன் சொல்லயில்லை?"

"சொன்னா, கண் ஏலாதவளுக்கு ஏன் இந்த வேலையெண்டு நிப்பாட்டிப்போடுவினம். மற்றது, செல்லுக்குத் தப்பி வந்தனாங்கள். தலையிடிக்கு அழுறதோ?"

இந்தக் கடைசி வசனத்தை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன்! நாரி நோவுக்கும் பல்லு நோவுக்கும் மாதவிடாய் நோவுக்கும் இதே அளவுகோல்தான். அந்த நாட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த நோவும் சின்னனாகத்தான் தெரியும். ஆனால் பிடரிக்கு அது தெரியுமா? ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் பிழையான பக்கம் திருப்பி வைத்தால், 2009 இல் எங்கே இருந்தாய் என்று பார்க்காமல் அது நோகத்தான் செய்யும்.

அவரை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் நான் இருந்து பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு நிறுவனம் கழித்துவிட்ட மூன்று மொனிற்றர்களை நன்கொடை என்று வாங்கி வந்து, மாலை போடாத குறையாகப் படமும் எடுத்துக்கொண்டு, கொடுத்தவள் நான். ஒரு நாளாவது அதற்கு முன்னால் பத்து நிமிடம் இருந்து பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் இருந்தேன். 17 அங்குலத் திரை. கணினிப் பெட்டியைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், இடம் மிச்சமாம். நிமிர்ந்து பார்த்தால்தான் திரையின் நடுப்பகுதியே தெரிந்தது. முதுகுப் பக்கம் யன்னல். மண்டபத்து முற்றத்து வெயில் முழுக்கத் திரையில் விழுந்து, என் முகம்தான் அதில் தெரிந்தது. பார்த்து அடிக்கிற கடதாசி இடது பக்கத்தில், அதாவது அவருக்குப் பார்வை இல்லாத பக்கத்தில். ஒவ்வொரு வரிக்கும் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். கதிரை உயரம். கால் நிலத்தில் முட்டவில்லை.

எழுத்தோ கலங்கியிருந்தது. இதற்குக் காரணம் கண்ணில்லை. தட்டைத் திரை ஒவ்வொன்றிலும் புள்ளிகள் எண்ணிக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த 17 அங்குலத் திரைக்கு 1280 குறுக்கும் 1024 நெடுக்கும். யாரோ எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று கணினியில் அதை 1024 க்கு 768 என்று குறைத்து விட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் எழுத்துப் பெரிதாகும்தான், ஆனால் இல்லாத புள்ளியைக் கணினி நிரவி நிரவிப் போடும். ஓரமெல்லாம் பஞ்சு பிடித்தமாதிரி ஆகிவிடும். ஐந்தும் மூன்றும் ஒன்றாகிற இடம் அதுதான். ஆறும் எட்டும் அப்படியே. தமிழுக்கு இன்னும் கெடுதல். மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எங்களுடைய பெயர்களில் ஒரு புள்ளி தவறினால் ஆளே மாறிவிடும்.

அன்றைக்கே ஒரு சதமும் செலவில்லாமல் சில வேலை செய்தோம். திரைக்குரிய புள்ளிக் கணக்கைத் திரும்பப் போட்டு, எழுத்துச் சின்னனாகிப் போனதால் விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புக்குள் போய் அளவை 125 சதவீதமாக்கினோம். மேசையைத் திருப்பி, யன்னல் அவருக்கு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் பக்கவாட்டில் வரச்செய்தோம். திரையைப் பெட்டியிலிருந்து இறக்கி மேசையில் வைத்தோம். கடதாசியை வலது பக்கம் ஒரு பலகையில் நிமிர்த்தினோம். காலுக்குக் கீழே இரண்டு சீமெந்துக் கல், மேலே சாக்கு. மறுநாள் "பிடரி பரவாயில்லை" என்றார். தலையிடி முழுக்கப் போகவில்லை. திரை பழசாகி வெளிச்சம் மங்கி மஞ்சளித்து விட்டது, அதற்கு நாங்கள் செய்ய ஒன்றுமில்லை.

புதிது வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதே அலுவலகத்தில் ஒரு பெரிய, நல்ல திரை ஏற்கனவே இருந்தது. பொறுப்பாளரின் மேசையில். அவர் அதில் நாளுக்கு அரை மணித்தியாலம் மின்னஞ்சல் பார்ப்பார். நான் போய்வருகிற பல அலுவலகங்களில் இதே முறைதான். ஆகக் குறைவாக அடிக்கிறவருக்கு ஆகப் பெரிய திரை. பல்கலைக்கழகத்தில் அதிகாரம், அந்தஸ்து என்று பக்கம் பக்கமாக எழுதிச் சித்தி பெற்ற எனக்கு, அது மேசையில் அங்குலக் கணக்கில் இருப்பது தெரிய இவ்வளவு காலம் எடுத்தது. பொறுப்பாளர் அக்காவிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். திரையைத் தரவில்லை. ஆனால் புதிது வாங்கப் பணம் ஒதுக்கச் சம்மதித்தா. அதுவும் வெற்றிதானே.

கடைக்குத் தங்கையையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். இதை நான் அழுத்திச் சொல்லுவேன். கதிரையும் மொனிற்றரும் வாங்கப் போகும்போது அதில் இருக்கப் போகிறவரைக் கூட்டிப் போங்கள். செருப்பை இன்னொருவர் காலுக்கு அளந்து வாங்குவோமா? போகும்போது மூன்று சாமான் கொண்டுபோனோம். ஒரு அளவு நாடா. எங்கள் பட்டியலைப் போட்ட ஒரு பென்டிறைவ். ஒரு வெள்ளைக் கடதாசி. பட்டியலில் உண்மையான ஆட்களின் விபரம் இருக்கக்கூடாது என்று, பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றி எழுதிய ஒரு பிரதியைத் தங்கையே செய்து வைத்திருந்தார். பாமினி எழுத்தில் ஒரு பக்கம், யுனிகோட்டில் ஒரு பக்கம்.

கடைத் தம்பி என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். கண்ணில் குறை தெரிகிற ஒருவர் பக்கத்தில் நின்றால், அவருக்குக் காதும் கேட்காது என்று நினைப்பார்களோ தெரியாது. "இவதான் வேலை செய்யிறவ, இவவிட்டயே சொல்லுங்கோ தம்பி" என்றேன். பிறகு ஒழுங்காகக் கதைத்தார், நல்ல பிள்ளை.

முதலில் 27 அங்குலத்தில் வளைந்த திரை ஒன்றைக் காட்டினார். 144 ஹேர்ட்ஸ் என்றார். அது படம் ஒரு செக்கனில் எத்தனை தரம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. வேகமான விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். பட்டியல் அடிக்கிறவருக்கு 60, 75 போதும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெரிய திரை எல்லாம் தெளிவான திரை என்றும் இல்லை. 1920 க்கு 1080 புள்ளிதான் 22 அங்குலத்திலும் 24 அங்குலத்திலும் சில 27 அங்குலத்திலும் இருக்கும். அதே புள்ளிகளை 27 இல் பரப்பினால் எழுத்தின் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். 27 வாங்குவதானால் 2560 க்கு 1440 உள்ளதாக வேண்டும், விலையும் ஏறும். மேசையின் ஆழத்தையும் பாருங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையில் தொடும் தூரம், 50 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், பெரும்பாலானவர்களுக்கு 60, 70 அளவில் வரும். எங்கள் மேசை அகலமில்லாதது. அதில் 27 ஐ வைத்தால் தியேட்டரில் முன்வரிசையில் இருந்தமாதிரித்தான். அதோடு ஒரு கண்ணால் பார்க்கிறவருக்குப் பார்வையில்லாத பக்கத்தில் பார்வைப் பரப்புக் குறைவு. திரை அகல அகலத் தலையைத் திருப்பும் வேலை கூடும்.

24 அங்குலம் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர் அகலம், 30 உயரம். அளவு நாடாவால் அளந்து, கையால் மேசையைக் காட்டிக் காட்டித் தங்கை கணக்குப் பார்த்தார். 24 சரி என்று முடிவெடுத்தோம்.

அடுத்தது திரையின் வகை. ரி.என், வி.ஏ, ஐ.பி.எஸ் என்று மூன்று எழுத்துக்கள் பெட்டியில் இருக்கும். ரி.என் என்பதைக் கொஞ்சம் மேலே கீழே நின்று பார்த்தாலே நிறம் மாறிக் கறுக்கும். ஐ.பி.எஸ் அப்படி மாறாது. நாள் முழுக்கச் சிலை போல ஒரே நிலையில் ஒருவரும் இருப்பதில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு இன்னொருவர் பெயரைச் சரிபார்க்கிற எங்கள் வேலைக்கு ஐ.பி.எஸ்தான் நல்லது. முகம் பளபளவென்று இருக்கும் திரையை எடுக்கவே வேண்டாம். கடை வெளிச்சத்தில் அது மணப்பெண் மாதிரி இருக்கும், எங்கள் யன்னலுக்கு முன்னால் கண்ணாடியாகிவிடும். மங்கல் மேற்பரப்புள்ளதைக் கேளுங்கள். 'மற் பினிஷ்' என்பார்கள்.

மினுங்கல் என்று ஒன்று இருக்கிறது. சில திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகத் தம்மை மிக வேகமாக அணைத்து அணைத்து எரிக்கின்றன. கண் அதை நேராகக் காணாது, ஆனால் சிலருக்குத் தலையிடி தரும். சோதிக்க ஒரு எளிய வழி: வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, போன் கமராவைத் திரைக்குக் கிட்டப் பிடியுங்கள். கமராவில் கறுப்புப் பட்டிகள் ஓடினால் அது மினுங்குகிற சாதி. எல்லாப் போனிலும் ஒரேமாதிரித் தெரியாது, ஆனால் தெரிந்தால் அதை விட்டுவிடலாம். இரண்டு திரையில் பட்டி ஓடியது. மூன்றாவதில் இல்லை. கடைத் தம்பி தன்னுடைய போனையும் எடுத்துப் பிடித்துப் பார்த்து, "இது எனக்கே தெரியாது அக்கா" என்றார்.

பென்டிறைவைப் போட்டு எங்கள் பட்டியலைத் திறக்கச் சொன்னோம். தங்கை கதிரையில் இருந்து, கையை நீட்டித் தூரம் பார்த்து, வாசிக்கத் தொடங்கினார். கடையில் ஓடும் கலர்ப் படங்களைப் பார்த்து மொனிற்றர் எடுக்காதீர்கள், மீனும் பூவும் எந்தத் திரையிலும் அழகுதான். நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கப் போகிற எழுத்தை அதில் பாருங்கள். "ங்" புள்ளி தெரிகிறதா, "ணை"யின் சுழி எண்ணலாமா, 5 ஐயும் 3 ஐயும் தள்ளி நின்று பிரித்தறிய முடிகிறதா. கால் மணித்தியாலம் இருந்தார். கடையில் இரண்டு பேர் முறைத்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இது அக்கா" என்று ஒன்றைக் காட்டினார். விலையில் அது நடுத்தரமானது. உயரத்தை ஏற்றி இறக்கும் கால் அதில் இல்லை. அப்படி உள்ளது இன்னும் விலை. ஆனால் பின்பக்கத்தில் சதுரமாக நான்கு ஆணித் துவாரங்கள் இருந்தன. பிற்காலத்தில் சுவரிலோ ஏற்றியிறக்கும் கையிலோ பூட்டலாம். உயரத்துக்கு எங்களிடம் பழைய பதிவேடுகள் தாராளமாக இருக்கின்றன. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே, பார்வை மெல்லச் சரிந்து விழும்படி. அதுதான் கணக்கு. இரண்டு கண்ணாடி சேர்ந்த பைபோக்கல் போடுகிற மூத்த அக்காமாருக்கு இன்னும் கீழே வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடியால் பார்ப்பதற்கு நாடியைத் தூக்கித் தூக்கிப் பிடரி போய்விடும்.

பழைய கணினியில் வி.ஜி.ஏ என்ற நீலத் துவாரம் மட்டும் இருந்தது, புதிய திரையில் எச்.டி.எம்.ஐயும் அதுவும் இரண்டும் இருந்ததால் தப்பினோம். போக முதல் உங்கள் கணினியின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

பாவித்த மொனிற்றர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு சாமான் விலை எங்கே போய் நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா? வாங்கலாம். ஆனால் முழு வெள்ளைப் படம் ஒன்றும் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் போட்டுப் பாருங்கள். மஞ்சளிப்பு, மூலையில் இருட்டு, செத்த புள்ளி எல்லாம் அப்போது தெரியும். கொண்டுபோன வெள்ளைக் கடதாசியைப் பக்கத்தில் பிடித்தால் திரை எவ்வளவு பழசு என்று அது சொல்லிவிடும். திரும்பக் கொடுக்க எத்தனை நாள் தவணை என்று எழுத்தில் கேளுங்கள். இலவசமாக வருவதற்கும் இதே சோதனைதான். எனக்குத்தான் முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைத் தம்பி கடைசியாக ஒரு நீல வெளிச்சத் தடுப்புக் கண்ணாடியை எடுத்து வைத்தார். வேண்டாம் என்றோம். அந்தக் கண்ணாடியைப் பற்றிச் செய்யப்பட்ட 17 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு 2023 இல் வெளிவந்தது. குறுகிய காலத்தில் கண் களைப்பில் அதனால் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. திரையைப் பார்க்கும்போது நாங்கள் இமைக்க மறந்துபோகிறோம், அதுதான் பெரிய காரணம். சாதாரணமாக நிமிடத்துக்குப் 15 தடவை அளவில் இமைக்கிற கண், திரைக்கு முன்னால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண் காயும், எரியும். எங்கள் பக்கத்து வெக்கைக்கு மின்விசிறியை வேறு முகத்துக்கு நேரே விடுகிறோம். விசிறியைக் காலடிக்குத் திருப்புங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 செக்கன் பாருங்கள் என்று கண் வைத்தியர்கள் சொல்வது இதற்குத்தான். எங்கள் மண்டபத்தில் இருந்து பார்த்தால் முற்றத்து வேம்பு அந்தத் தூரத்தில் நிற்கிறது.

வெளிச்சத்தையும் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாது. பக்கத்தில் வெள்ளைக் கடதாசியைப் பிடித்தால், திரை அதைவிட எரிந்தும் தெரியக்கூடாது, மங்கியும் தெரியக்கூடாது. மத்தியானத்துக்கு ஒன்று, மழை இருட்டுக்கு ஒன்று. புதிய திரை 20 வாட் அளவில்தான் மின்சாரம் இழுக்கிறது. மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பொருளாளர் அக்காவுக்கு அது ஒரு ஆறுதல்.

திரையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தங்கையை அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கும் கூட்டிப் போனேன். 2011 க்குப் பிறகு அவர் போகவேயில்லை. வலது கண்ணுக்குச் சின்னதாக ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. ஒரு கண் மட்டும் உள்ளவர்கள் கண்ணாடி போடும்போது, இலகுவில் உடையாத பொலிகாபனேற் வகையில் போட்டால் இருக்கிற கண்ணுக்கு அது ஒரு காவலும் ஆகும். இன்னொன்று. உடம்பில், விசேஷமாகக் கண்ணிலோ தலையிலோ செல் துண்டு இன்னும் இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தால், திரை விழுந்தமாதிரி ஒரு பக்கம் மறைத்தால், களைப்பு என்று படுத்துவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தவணை முடிய ஒரு கிழமைக்கு முன் தங்கை என்னைக் கூப்பிட்டார். யாரும் கேட்காமலே, பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் புதிய திரையில் போட்டு, அடையாள அட்டைப் பிரதிகளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார். இன்னும் நான்கு பிழை. இரண்டு அவர் அடித்தது. இரண்டு அவருக்கு முதல் இருந்தவர் அடித்தது. "கூட்டத்தில சொல்லத்தான் வேணுமோ அக்கா?" என்று நான்தான் தயங்கினேன். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு. "அவையளின்ர காசெல்லோ" என்றார்.

கூட்டத்தில் எழும்பி நின்று நான்கையும் வாசித்தார். தன்னுடையது எது, மற்றது எது என்று பிரித்துச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்த மகனைக் கொடுத்த அம்மாதான், "அப்ப என்ர இலக்கமும் சரியோ எண்டு ஒருக்கால் பார் பிள்ளை" என்றா. கோழிக்கூட்டு அம்மாவின் பணம் திருத்தக் கடிதம் போய், இரண்டு மாதம் அலைந்து, வந்து சேர்ந்தது. அதற்குள் சொல்லி வைத்த குஞ்சுகள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. மறுபடி சொல்லி வைத்தார்.

பழைய 17 அங்குலத் திரையை இப்போது கணக்கு எழுதும் பிள்ளை பாவிக்கிறா. நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தானே என்று வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் பின்னேரத்தில் கண் எரிகிறதாம். அடுத்த கூட்டத்தில் தானே எழும்பிக் கேட்கப் போவதாகச் சொன்னா. அளவு நாடாவை அவவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.